நாலு மணி, ஓகே

8, திங்கள்
காலையிலிருந்து தூறல். குடை ஆபீசிலேயே கிடக்கிறது, வழக்கம்போல.

இன்று: மலை மாவட்டச் செய்தி எடிட். போட்டோ கேப்ஷன் இரண்டு. மர்பி டவுன் டெய்லரிடம் ஸ்டெல்லாவின் வெள்ளை ஃபிராக் (அக்கா மகள், ஞாயிறு சர்ச்சில் அவளுக்குப் புதுநன்மை, முதல்முறை நற்கருணை). நாலரைக்குக் கடையைப் பூட்டிவிடுவாராம்.

ஜே. அந்த மாவட்டத்து நிருபர். அங்கே அரசு நெட்டை நிறுத்தி மூன்று வாரம். தினமும் பதினொன்றுக்கும் நாலுக்கும் டெஸ்க் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். பத்திரமாக இருக்கிறார் என்று அர்த்தம். நான் ஷீட்டில் ஓகே போட வேண்டும். கால் வராவிட்டால் பதினைந்து நிமிடத்தில் சீஃபுக்கும் வக்கீலுக்கும் சொல்ல வேண்டும்.

பதினொன்று, வந்தது. நாலு மணி கால் எப்போதும் லேட். மூன்று நாற்பதுக்கே '4.00 ஓகே' போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஃபிராக் நன்றாக வந்திருக்கிறது. கை மட்டும் தொளதொள.

9, செவ்வாய்
பதினோரு மணி கால் இல்லை. உடனே சீஃபிடம் சொன்னேன். பிறகு டெஸ்க் போனில் நேற்றைய நாலு மணி காலைத் தேடினேன். இல்லை. மூன்று முறை தேடினேன்.

பன்னிரண்டுக்கு ஜே.யின் மனைவி ரூத் போன் செய்தார். ராத்திரி ஜே. வீட்டுக்கு வரவில்லையாம். நேற்று நாலு மணிக்கு உங்களைக் கூப்பிட்டாரா என்று கேட்டார். ஷீட் எதிரில் திறந்திருந்தது. கூப்பிட்டார் என்றேன். நாலு மணி வரை நன்றாகத்தான் இருந்திருக்கிறார் என்று ரூத் நிம்மதியாக மூச்சு விட்டார். எனக்கு நன்றி வேறு.

மாலை ஐந்துக்கு ஜே.யைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். போலீஸ் காகிதப்படி கைது திங்கள் மாலை ஆறு மணிக்கு. ஜெயில்.

10, புதன்
அங்கே டீக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர், திங்கள் மதியம் ஒன்றரைக்கே ஜே.யைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியதைப் பார்த்ததாக ரூத்திடம் போய்ச் சொன்னாராம். ரூத் நம்பவில்லை. நாலு மணிக்கு ஆபீசைக் கூப்பிட்டவரை ஒன்றரைக்கு எப்படிப் பிடிப்பார்கள்? பொய் சொல்கிறாய் என்று திட்டி அனுப்பிவிட்டாராம்.

ஆபீஸ் வக்கீல், சீஃபிடம் ஸ்பீக்கரில்: "ஒன்றரைக்குப் பிடிச்சிருந்தா சட்டம் சொல்ற இருபத்திநாலு மணி நேரம் தாண்டித்தான் கோர்ட்டுக்குக் கொண்டாந்திருக்காங்க. அதை வச்சே வெளிய எடுக்கப் பாக்கலாம். ஆனா உங்க ஷீட்டு நாலு மணிக்கு ஓகேன்னு சொல்லுதே. போலீசுக்கு நீங்களே சாட்சி சார்."

நானும் அதே அறையில்தான் இருந்தேன். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு.

11, வியாழன்
வெயில். துணி காய்ந்தது.

அம்மா: "ஏண்டி சாப்பிடல? ஆபீஸ்ல எதனா சொன்னாங்களா?"
"ஒண்ணுமில்லமா."

சனிக்கிழமை குடும்பத்தோடு பாவசங்கீர்த்தனம். ஃபாதரிடம் சொல்வது சுலபம். அவர் ஷீட்டைக் கேட்க மாட்டார். திங்கள் நாலே காலுக்கு நான் போன் செய்திருந்தால் வக்கீல் அன்றைக்கே ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பியிருப்பார். அந்த நேரம் நான் பட்டன் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

12, வெள்ளி
சீஃபிடம் சொல்லிவிட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"பரவாயில்லம்மா. எல்லாரும் முன்னாடியே போடறதுதான். நானே போட்டிருக்கேன். இப்போ வெளிய சொன்னா டெஸ்க் மானம் போயிடும். விடு."

ஒரு காபி குடிக்கும் நேரம் அதை நம்பினேன். நன்றாகக்கூட இருந்தது. பிறகு மாடிப்படியில் நின்று வக்கீலுக்கு நானே போன் போட்டேன்.

"எழுதிக் கையெழுத்து போடணும். வேலைக்கு ஆபத்து வரலாம், தெரியுமில்ல?"
"தெரியும் சார்."

தெரியும் என்று சொல்லிவிட்டேன். வீட்டு லோன் நினைவு பிறகுதான் வந்தது.

13, சனி
மழை. கோவிலுக்கு அம்மாவும் அக்காவும் மட்டும் போனார்கள். நான் வக்கீல் ஆபீசில். இரண்டு பக்கம், நாலு கையெழுத்து. திங்கள் அங்கே கோர்ட்டில் கொடுப்பார்களாம். விடுவார்களா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்து ரூத்துக்குப் போன். மூன்றாவது முறைதான் லைன் கிடைத்தது. அன்று ஜே. கூப்பிடவில்லை, நான் பொய் சொன்னேன் என்றேன். எதிர்ப்பக்கம் குழந்தை ஏதோ கேட்பது மட்டும் கேட்டது. திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

ரூத் மணி என்ன என்று கேட்டார். நாலே கால் என்றேன்.

டீக்கடை அம்மாவைப் பார்க்க வேண்டும், கடை பூட்டுவதற்குள் போகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.