பேராசிரியரிடம் ‘அது பிழை’ என்று சொன்ன நாள்

ஓகூஸ், 1986

என் அன்பான அப்பா,

சமூகவியல் வாய்மொழிப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன். முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

இங்கே டேனிஷ்காரர் பரீட்சை மேசைக்குப் பச்சைத் துணி விரிப்பார்கள். சீட்டு எடுத்தால்தான் கேள்வி தெரியும். சமூகம் பற்றிய சிந்தனை பழைய அறிஞர்களிடமிருந்து இன்றுவரை எப்படி மாறியது? எனக்கு வந்தது இதுதான். சிரிப்பு வந்துவிட்டது அப்பா. நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் சண்டை பிடித்த அதே விஷயம்!

சமூகம் ஓர் உடம்பு, உறுப்புகள் தத்தம் வேலையைச் செய்தால்தான் அது நிற்கும் என்பீர்கள். கடிதங்களைக் கைமாற்றி அனுப்பும் தபாற்கந்தோர்க்காரர் வேறெப்படிச் சொல்வார்? நான் கம்பஸில் படித்த சூட்டோடு பாய்வேன்.

“ஒருத்தன்ரை முதுகிலை மற்றவன் ஏறி நிக்கிறான். அதுக்குப் பேர் உடம்போ?”

மாமி தலையில் அடித்துக்கொள்வா. “அண்ணை, தேப்பனோடை இப்பிடி வாய்காட்டிற பெட்டையை ஆர் கட்டுவினம்?”

“விடு, அவள் கதைக்கட்டும். நான் பிழையெண்டால் எனக்கும் தெரியத்தானே வேணும்” என்பீர்கள்.

பச்சை மேசையில் இரண்டு பக்கத்தையும் ஆங்கிலத்தில் சொன்னேன். பேராசிரியர் இடைமறித்தார். “அப்படியானால் சமூகம்தான் மனிதரை வார்க்கிறது, மனிதர் செய்ய ஒன்றுமில்லை, அப்படித்தானே?”

பிழை என்று தெரியும். ஆனால் ஆசிரியர் சொன்னால் தலையாட்டி வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே தலையாட்டினால் படிக்கவில்லை என்று அர்த்தம். போனமுறை அப்படித்தான் தவறினேன். இந்தமுறையும் தவறினால் படிப்பையே விட்டுவிடுவதென்று இருந்தேன்.

நான் மறுத்துப் பேசிய ஒரே பெரியவர் நீங்கள். ஆகவே மனதுக்குள் அவருடைய கதிரையில் உங்களை இருத்திக்கொண்டேன்.

“இல்லை, அது பிழை” என்றேன். வழக்கம் எங்களை ஆக்குகிறது. ஆனால் நாளாந்தம் அதைச் செய்து உயிரோடு வைத்திருப்பவர்களும் நாங்களே, செய்வதை மாற்றினால் அதுவும் மாறும், இன்றைய சிந்தனை வந்து நிற்கும் இடம் இது என்றேன். உதாரணம் கேட்டார். மகளைக் கதைக்கவிட்ட ஒரு தகப்பனைச் சொன்னேன். கடைசியில் மாமியே உங்களோடு வாதாடத் தொடங்கியதையும் சொன்னேன். பேராசிரியரும் கூட இருந்த மற்றப் பரீட்சகரும் சிரித்துவிட்டார்கள்.

அவர்கள் முடிவெடுக்கும்வரை வெளியே நின்றேன். என் கணவர் தொழிற்சாலை உடுப்போடு சின்னக் கொடியொன்றைப் பிடித்தபடி நின்றார். சித்தியடைந்தவருக்குக் கொடி கொடுப்பது இங்கே வழக்கமாம். முடிவு தெரியமுன்பே வாங்கிவிட்டார்!

பேராசிரியர் வந்து கைகொடுத்தார். “உங்கள் தகப்பனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.”

உங்கள் செத்தவீட்டுக்குக்கூட வரமுடியாமல் போனவள் நான். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்கிறேன் என்றேன். இதோ, சொல்லிவிட்டேன்.

நான் வெல்லட்டும் என்றுதானா அன்றைக்கெல்லாம் கதைக்கவிட்டீர்கள்? எனக்கு உங்களை நினைக்க அவ்வளவு பெருமையாக இருக்கிறது அப்பா.

உங்கள் பேத்தி இப்போதே எதற்கெடுத்தாலும் டேனிஷில் ‘நை’ என்கிறாள். இல்லை, மாட்டேன் என்று அர்த்தம். சிலவேளை கை ஓங்கத் தோன்றுகிறது. ஓங்கமாட்டேன். அவள் கதைக்கட்டும்.

இன்னும் உங்களோடு ஒத்துப்போகாத,
உங்கள் மூத்த மகள்