காந்தள் காட்டில் வெள்ளம்

குமுதா,

நீ ஈப்போவுக்கு, உன் அக்கா வீட்டுக்குப் போய்ப் பதினோரு நாளாகிறது. மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்கிறேன்.

நீ கதை எழுதி வைத்துவிட்டுப்போன நோட்டைப் படித்தேன். "இல்லாத காட்டைப் பத்தி எழுதுறா, யாரு படிக்கப் போறாங்க லா?" என்று கூட்டாளிகள் முன்னால் உன்னைச் சொல்லிச் சிரித்த நானே, அதை மூன்று முறை படித்துவிட்டேன். தேயிலை ஆலையில் நிற்கும்போதும் உன் காந்தள் காடுதான் கண்ணில் நிற்கிறது.

உன் கதையில், வடக்கே மரங்களின் மேல் வாழும் கிளையர் மண்ணில் கால் வைப்பதில்லை. தெற்கே ஆற்றோரத்துப் பாசியர் மரம் ஏறுவதில்லை. இரு கூட்டத்துக்கும் தலைமுறைப் பகை. வெள்ளம் வந்ததும் பாசியர் பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு கிளையரின் மரத்தடிக்கு ஓடி வருகிறாள். இடுப்பளவு தண்ணீர். அங்கேயே நிறுத்திவிட்டாயே! மேலே இருப்பவர்கள் கயிறு விட்டார்களா?

ஆலையில் என்னோடு வேலை செய்யும் முருகையாவிடம் கேட்டேன். "எழுதுனவங்களைப் போய்க் கேளு லா" என்றான்.

ஈப்போ பஸ் ஏற இரண்டு முறை தானா ராத்தா பஸ் நிலையம் வரை போய்த் திரும்பிவிட்டேன். சனிக்கிழமை கட்டாயம் ஏறிவிடுவேன். வீட்டுக்கு வா என்று கேட்க மாட்டேன். நோட்டைக் கொடுத்துவிட்டு, நீ கதையை எழுதி முடிக்கும் வரை அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்