உங்கம்மா கேட்கும் கேள்விகள்

குட்டி,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடு. காலேஜுக்குக் கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடு.

நேற்று நீ நோயாளிக்கு மருந்தை விளக்கிச் சொல்லிப் பழகும்போது நோயாளியாக நடிக்க வந்த நான் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். தப்புதான். இரண்டு ஷிப்ட் பார்த்த உடம்பு. "நோயாளியா நடிக்கக்கூட வரலப்பா உங்களுக்கு. அம்மா இருந்திருந்தா கேள்வி கேட்டே குடைஞ்செடுத்திருப்பா" என்று நீ சொன்னது உண்மை. அதற்காக நாளைக்குப் பரீட்சைக்கே போகமாட்டேன் என்பதா? நாலு வருஷம் பார்மசி படித்தது இதற்கா?

முன்பு உன்னோடு நோயாளியாக நடிக்கும்போது உங்கம்மா கேட்டதையெல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறேன். பதில் சொல்லிப் பழகு.

"மாத்திரை இவ்ளோ பெரிசா இருக்கே, உடைச்சு முழுங்கலாமா மருந்துக்காரம்மா?"

"எனக்கு வலி போயிடுச்சு. மிச்சத்தை வீட்டுக்காரருக்குக் கொடுக்கட்டுமா? அவருக்கும் முதுகு வலிதான்."

"இந்தக் கசப்பை முழுங்கினா ஒரு மிட்டாய் தரமாட்டியா?"

இதற்கு நீ சிரித்துவிட்டால் அன்றைக்கு மார்க் கிடையாது என்பாள்.

ஏழு மணிக்கு வந்துவிடுவேன். நோயாளி தயார்.

அப்பா

பி.கு. இன்னொரு கேள்வி. இது அவளுடையதில்லை, என்னுடையது. கடைசி வாரத்தில் ஒருநாள் அவளுக்கு ராத்திரி மாத்திரை கொடுக்க மறந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் போனாளா? பரீட்சை முடிந்த பிறகு சொல், போதும். பாடம் மாதிரி வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்.