காக்கிப் பேண்ட்

3-10-70, சனி
கீழ்வேளூருக்குத் தெற்கே இந்த ஆஸ்பத்திரிக்கு டாக்டராக வந்து பத்து நாள். பக்கத்து ஊரில் காலராவுக்கு இரண்டு பேர் போய்விட்டார்கள். இன்று கம்பவுண்டர் அமிர்தலிங்கத்தோடு கூலியாட்கள் தெருவுக்குத் தடுப்பூசி போடப் போனேன். என்னைக் கண்டதும் ஆண்கள் வயலில் இறங்கி ஓட்டம். கைக்குழந்தையோடு நின்ற காத்தாயி என்ற பெண் படலைச் சாத்திக்கொண்டாள். ஒரு ஊசிக்கா இவ்வளவு பயம்? ஆத்திரமாக வந்தது.

4-10, ஞாயிறு
பயம் ஊசிக்கு இல்லையாம், என் பேண்டுக்காம்! அமிர்தலிங்கம் இன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "போன மாசம் கூலிச் சண்டையில போலீஸ் வந்து ஆளுங்கள அள்ளிக்கிட்டுப் போச்சுங்க. நீங்க காக்கியில போய் நின்னா?"
நேற்றே சொல்லக் கூடாதா?
"டாக்டரய்யா துணியப் பத்தி நான் எப்புடிங்க சொல்றது?"
அழுக்குத் தெரியாதென்று கும்பகோணத்தில் ஒரே துணியில் இரண்டு பேண்ட் தைத்தேன். டாக்டர் மீரா உசேன், உனக்கு நன்றாக வேண்டும்.

6-10, செவ்வாய்
வேட்டி கட்டினேன். பெருநாளுக்கு மாமனார் கொடுத்தது, கறுப்பு சிவப்புக் கரை. ஆஸ்பத்திரியில் ஒரே கூட்டம். கையை நீட்டச் சொன்னால் மனுவை நீட்டுகிறார்கள்! ஒருவருக்குப் பட்டா மாற வேண்டுமாம், ஒருவர் மகனுக்கு பஸ்ஸில் கண்டக்டர் வேலை.
கரையில்லாத வெள்ளை வேட்டி என்றால் மிராசுதார் வீட்டு ஆளாம். கைலி? "பியூன்னு நெனச்சு, கம்பவுண்டர் எங்கன்னு உங்களையே கேப்பாங்க" என்கிறார் அமிர்தலிங்கம்.

7-10
நான் என்னதான் உடுத்துவது, அல்லாவே?

9-10, வெள்ளி
காத்தாயியின் குழந்தைக்கு வாந்தி பேதி என்று தகவல். துணியையா பார்த்துக்கொண்டிருக்க முடியும்? போட்டிருந்த காக்கியோடு ஓடினேன். மழை. வரப்பு வழுக்கி நடவு வயலில் குப்புற விழுந்தேன். எழுந்தால் பேண்ட் என்ன நிறமென்று எனக்கே தெரியவில்லை. நாற்று நட்ட பெண்கள் சிரித்த சிரிப்பு!
"போலீஸ்காரன் வரப்ப விட்டு எறங்க மாட்டான்டி. இது டாக்டருதான்."
அவர்களே கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். குழந்தை துவண்டு கிடந்தது. கூரை மூங்கிலில் பாட்டிலைக் கட்டி சலைன் ஏற்றினேன். காத்தாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமாக இருந்தது — போய்விட்டால்? சாயங்காலம் கண்ணைத் திறந்து வீறிட்டு அழுதது. நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.
பேண்டைத் துவைத்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டாள். அவள் புருஷன் கைலியைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினேன்.

10-10
தெரு முழுக்க ஊசி போட்டாயிற்று. கை வலி.

25-10, ஞாயிறு
பேண்டைக் கேட்கப் போனேன். தெருமுனைக் கொடியில் தொங்குகிறது. காய்ந்து எத்தனையோ நாளாகியிருக்கும். காத்தாயி தர மாட்டேன் என்கிறாள்.
"மிராசுதார் ஆளுங்க வந்து மெரட்டிக்கிட்டே இருப்பானுங்க. இது கொடியில கெடந்ததுலேர்ந்து மொனையோட திரும்பிடுறானுங்க. உள்ள எங்களுக்குக் காவலா போலீஸ் தங்கியிருக்குன்னு நெனப்பு. இன்னொண்ணு இருந்தாலும் குடுங்கய்யா, தெருக் கடைசியிலயும் கட்டிடுறோம்."

26-10, திங்கள்
இன்னொன்றையும் கொடுத்தனுப்பிவிட்டேன். கைலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பவுண்டர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.