ஷூ அலமாரிக்குப் பூட்டு

அன்பு மகள் சிஹோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் மலையும் சௌக்கியம், அங்கே வான்கூவரில் நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அப்பாவும் போன பிறகு அறுபத்தாறு வயதில் தனியாக மலைவிடுதி நடத்தியது போதும், இறங்கி வா என்று எழுதியிருந்தாய். உன் சித்தப்பா இசாமுவும் அதே பாட்டுதான். திங்கட்கிழமை சாமான் கொண்டு வந்தவர், வானம் பாக்கத் தெரிஞ்சது அண்ணனுக்குத்தான், ஒங்களுக்கு என்ன தெரியும் அண்ணி, இந்த வருஷத்தோட விடுதியக் கைமாத்திடுங்கன்னு முகத்துக்கு நேரே சொன்னார். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

மறுநாள் டோக்கியோவிலிருந்து பத்துப் பேர் வந்தார்கள், தலைவர் குசாகா, ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். சாப்பிட்ட கையோடு உச்சிக்குப் போய்த் திரும்புவார்களாம். தலைக்கு மேல் நீல வானம், ரேடியோவும் சமவெளியில் மழையில்லை என்றது. ஆனால் மலைக்கு அந்தக் கணக்கு செல்லுமா? காலை வெயிலில் சரிவு சூடாகும், கீழே வயல்களின் ஈரக்காற்று அந்தச் சரிவைப் பிடித்து ஏறி வரும், இரண்டு பக்கத்துக் காற்றும் முகட்டில் முட்டிக்கொண்டால் மேலே போவதைத் தவிர வழியில்லை, மேலே குளிர்ந்திருந்தால் நிற்காமல் போகும். அன்று ஒன்பது மணிக்கே பள்ளத்தாக்கு மூடுபனி ஏறத் தொடங்கியது, பன்னிரண்டுக்கு முகட்டின் பின்னால் ஒரு மேகம் காலிஃபிளவர் மாதிரி விளிம்பு கலையாமல் வளர்ந்தது. மத்தியானம் இடி இறங்கும், இன்று ஏறாதீர்கள் என்று சொன்னேன், கேட்கவில்லை. வாசலில் கழற்றியிருந்த பத்து ஜோடி ஷூவையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். குசாகா, ஒங்க மேல புகார் குடுப்பேன்னார். தாராளமா, உசிரோட எறங்கிப் போயி குடுங்கன்னேன். மானத்த வாங்காதீங்க அண்ணின்னு, இன்னும் கிளம்பாமல் இருந்த சித்தப்பா சாவிக்குக் கையை நீட்டினார், நான் கொடுக்கவில்லை. ஒரு மணி வரை வெயில் அடித்தது, நானே இரண்டு தடவை வாசலுக்குப் போய் மேகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு சில்லென்று ஒரு காற்று, அதன் பின்னாலேயே ஆலங்கட்டி, இரண்டு மணி நேரம் இடி.

அடுத்த நாள் விடியலில் நானே ஷூவை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். உச்சிக்குப் போய் வந்த குசாகா தரையில் மண்டியிட்டு நெற்றி படக் கும்பிட்டார். அங்கே உச்சியின் பெயர் எழுதி நட்ட கம்பம் இடி விழுந்து இரண்டாகப் பிளந்து கிடந்ததாம். நாங்க பத்து பேரும் அதக் கட்டிப்புடிச்சுத்தான் போட்டோ எடுத்திருப்போம்மான்னார். எனக்கு உன் அப்பாவை நினைத்து அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. நான் ஜெயித்துவிட்டேனடி.

நீ அங்கே மலையேறினால் மதியத்துக்குள் இறங்கிவிடு, மறக்காதே. எல்லா நலமும் உன்னோடு இருக்கட்டும். நான் இறங்கி வரமாட்டேன். சித்தப்பா இன்று கிளம்பும் முன் மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார், நான் இப்பப் போகலாமா அண்ணின்னு கேட்டுவிட்டுத்தான் படியிறங்கினார்.

உன் அம்மா,
தொமியே