கைப்பம்பில் ஓடிய படகு

நண்பா,

இன்று காலை மெர்கோங்கில் என் பட்டறையில் ஒரு லாரியின் எஞ்சினைத் திறந்தேன். பெல்ட் கருகிக் கிடந்தது. சுட்ட ரப்பர் வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன அண்ணே, என் லாரி படுத்துக் கெடக்கு, நீங்க சிரிக்கிறீங்க?" என்றார் லாரிக்காரர். அவரிடம் என்னவென்று சொல்வது? நீ இருந்திருந்தால் நீயும் சேர்ந்து சிரித்திருப்பாய்.

செர்டாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். நான் லாரி மெக்கானிக் ஆனேன். நீ அலோர் ஸ்டாரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றாய். ஓய்வு பெற்று இரண்டு வருடம் லங்காவியில் பிறர் படகுகளில் ஏறிப் பாய் கட்டப் பழகினாய். பிறகு யாரோ விற்றுவிட்டுப் போன பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்து நின்றாய். "ஸ்ரீ லங்கா வரைக்கும் போறோம்லா. பாய நான் பாத்துக்கிறேன், எஞ்சின நீ பாத்துக்க." எனக்கோ கடல் என்றால் குவாலா கெடாவில் ஏறும் ஃபெர்ரிதான். ஆனாலும் சரி என்றேன்.

புதுச் சாமான்கள் மீது ஆசைப்பட்டது நான்தான். தானாகவே சுக்கான் பிடிக்கும் கருவி, உப்புத் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் பெட்டி. படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் பழைய கைப்பம்பைப் பார்த்து, "இந்தத் துருப்புடிச்சத தூக்கிப் போடு" என்றேன். நீ விடவில்லை. "மூஞ்சிதான் மோசம்லா. மூச்சு நல்லாருக்கு."

சுக்கான் கருவி இரண்டாம் நாளே உப்புத் தண்ணீர் புகுந்து செத்தது. குடிதண்ணீர்ப் பெட்டி மூன்றாம் நாள். நீ உட்கார்ந்து இரட்டைத் தையல் போட்ட பாயில் மட்டும் ஒரு நூல் பிரியவில்லை. அதைத் தடவித் தடவி என்னைப் பார்த்தாயே, அந்தப் பார்வைக்கே உன்னைக் கடலில் தள்ளியிருக்க வேண்டும்.

நான்காம் நாள் நண்பகல், சுமத்ராவின் வடமுனைக்கு அப்பால், பெரிய கப்பல்கள் போகும் பாதையில் காற்று அடியோடு நின்றுவிட்டது. எஞ்சினைப் போட்டேன். பத்து நிமிடத்தில் சூடேறி, அதே சுட்ட ரப்பர் வாடை. கடல்நீரை இழுத்து எஞ்சினைக் குளிரவைக்கும் பம்புக்குள் சுழல்கிற சின்ன ரப்பர் சக்கரம் பிய்ந்து கிடந்தது.

"ஸ்பேர் எங்கடா?" என்றாய்.

பெட்டியை மூன்று முறை கொட்டித் தேடினேன். அப்புறம்தான் நினைவு வந்தது: பட்டறை மேசை மேல் எடுத்து வைத்தேன், வைத்தது வைத்தபடி அங்கேயே இருக்கிறது. தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் நம்மை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே வந்தது. ரேடியோவில் கூப்பிட்டாய், பதில் இல்லை.

"மறந்துட்டேன்டா."

திட்டு விழும் என்று நின்றேன். நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். "ரப்பர் தோட்டத்துப் புள்ளைங்கள ரப்பரே கவுத்துடுச்சு பாரு," என்றாய். "சரி, தண்ணிய வேற எதுல இழுக்கலாம்? யோசி."

என் கண் கைப்பம்பின் மேல் விழுந்தது. அதன் ஒரு குழாயைக் கடலில் விட்டு, மற்றதை எஞ்சினின் தண்ணீர்க் குழாயோடு சேர்த்துக் கம்பியால் இறுக்கினேன். நீ பம்படிக்க, நான் எஞ்சினை மெதுவாக ஓட்டினேன். சூடு இறங்கியது, படகு நகர்ந்தது. அந்தக் கப்பல் நம் பின்னால் கடந்து போனபோது அதன் அலையில் நம் சோற்றுப் பானை கவிழ்ந்ததோடு சரி.

பாதையைத் தாண்ட இரண்டு மணி நேரம். நூறு எண்ணி ஆள் மாறினோம். நீ எழுபதிலிருந்து தொண்ணூறுக்குத் தாவினாய். "இதுதான் கிளார்க் கணக்காடா?" என்றேன். "ரிட்டையர்ட் கணக்குலா!"

ஊர் திரும்பியதும் கேட்டவர்களிடமெல்லாம், "இவன் இல்லேன்னா நான் கப்பலுக்கு அடியிலதான்," என்றாய். நான் மறந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டு அந்தப் பெருமையை வாங்கிக்கொண்டேன்.

போன வருடம் தூக்கத்திலேயே போய்விட்டாய். பதினாறாம் நாள் காரியத்தில் உன் சொந்தக்காரர்கள் மறுபடியும் என்னைப் புகழ ஆரம்பித்தார்கள். தாங்க முடியவில்லை. உன் மனைவியைத் தனியே கூப்பிட்டு, "தங்கச்சி, ஸ்பேர மறந்துட்டு வந்ததே நான்தாம்மா," என்றேன்.

அழுத கண்ணோடு அவள் சிரித்தாள். "தெரியும்ண்ணே. ஸ்ரீ லங்காவுல எறங்குன அன்னைக்கே போன்ல சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சாரு. 'அவனுக்கு ரோசம் ஜாஸ்தி, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத'ன்னாரு."

அன்றிலிருந்து அந்தக் கதையை நானே முழுசாகச் சொல்கிறேன். பட்டறை ஆட்கள் யாராவது எதையாவது கெடுத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றால், வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "சரி, வேற என்ன வழி?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் ஏதோ ஒரு வழி கிடைத்துவிடுகிறது. கோபம் மட்டும் இன்னும் வருகிறது. நீ அதை எங்கே வைத்திருந்தாய் என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.