கிழிக்காமல் விட்ட பெயர்கள்

அன்புள்ள சின்னுவுக்கு, அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதுவே போதும். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். என் முழங்கால் வலியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவுக்கு இந்த மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. முப்பத்தோரு வருடம் காலேஜில் சமூகப்பணியும் சமூகவியலும் சொல்லிக்கொடுத்த மனுஷன், இப்போது மேஜையை ஒழித்துக்கொண்டிருக்கிறார். டிராயர் பூட்டு திறக்கவில்லையாம், ஊர்ல இருக்கிற சிக்கலெல்லாம் அவிழ்த்தீங்களே சார், இதுக்கு ஒரு வழி சொல்லுங்க என்று பியூன் கேட்டாராம். அதைச் சொல்லும்போதுகூட அப்பா சிரிக்கவில்லை, அவ்வளவு அலுத்துப் போயிருக்கிறார்.

விஷயம் இதுதான். அடி தாங்காமல் புருஷனை விட்டு வந்து மறைந்து வாழ்கிற பெண்களிடம் அப்பா வருடக்கணக்காகப் பேசி எழுதினார் இல்லையா, அந்த நோட்டுகளில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். எந்த நம்பர் யார் என்கிற பட்டியலை, என் கையெழுத்து தெளிவு என்று என்னை எழுதச் சொல்வார், வேலை முடிந்ததும் கிழித்துவிடு என்பார். நான் கிழிக்கவில்லை. பழைய மருந்துச் சீட்டைக்கூடத் தேதி போட்டு வைக்கிறவள்தான், ஆனால் இதை அந்தப் பழக்கத்தில் வைக்கவில்லை. காலைப் பிரார்த்தனையில் அவர்களுக்காகவும் வேண்டிக்கொள்வேன், நாற்பத்தேழாம் நம்பரைக் காப்பாற்று என்று கடவுளிடம் எப்படிக் கேட்பது.

போன வாரம் புதுத் துறைத்தலைவர், மறுபடி அந்தப் பெண்களைத் தேடிப் போய் ஆய்வு செய்யப்போகிறோம், பெயர்களைக் கொடுத்தால்தான் உங்கள் ஓய்வூதியக் காகிதத்தில் கையெழுத்து என்று சொல்லிவிட்டார். அப்பா, பெயர் வெளியே போகாதுன்னு வாக்குக் கொடுத்திருக்கேன், பட்டியல் எப்பவோ கிழிச்சாச்சு என்று சொல்லி, அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். பொய்க்குக் கையெழுத்துப் போடாதவர், என்னால் தெரியாமலே போட்டுவிட்டார். மூன்றாம் நாள் பட்டியலைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். திட்டுவார் என்று நின்றேன். பக்கம் பக்கமாகப் புரட்டி, பதினெட்டு யாரு, அந்தத் தையல்காரம்மாவா என்றார். இல்லைங்க, அவங்க இருபத்தொண்ணு, இவங்க தீக்காயத்தோட வந்தவங்கன்னு நீங்கதானே சொன்னீங்க என்றேன். எனக்கு நம்பர்தான் நிக்குது, உனக்கு ஆளே நிக்குது என்று கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, நான் எழுதிக் கொடுத்ததை இப்பவாவது நிஜமாக்கிடு என்றார். ஒவ்வொரு தாளாக வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து கரைத்தேன், விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. காகிதத்தில் கையெழுத்து இன்னும் ஆகவில்லை, தினமும் போய் துறைத்தலைவர் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறார்.

கடவுள் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காமல் செய். நீ அங்கே போன முதல் வருடம், மாப்பிள்ளை வேலைக்குப் போனபின் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பதில் போட்டபோது, உன்னைப் போல் தனியாக இருக்கிறவர்கள் என்று அந்தப் பெண்களில் பதினோரு பேர் பெயரை எழுதி, இவர்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள் என்று அனுப்பினேன். அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை, தெம்பில்லை. என் கடிதங்களை நீ தூக்கிப் போட்டிருக்க மாட்டாய், என் புத்திதானே உனக்கும். தேடி எடுத்துக் கிழித்துவிடு. கிழிக்கும் முன் ஒரு தடவை அந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிவிடு.

இப்படிக்கு, உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா